தன் கையால் போட்டது

அத்தியாயம் 11

வீட்டை அவரே விற்றுவிட்டுச் செத்தாரா, அவர் பெயரில் வேறு யாரோ விற்றார்களா? பத்து வாரமாக நம் வழக்கு இதுதான்.

பூட்டு, தாழ்ப்பாள், கீல், கைப்பிடி என்று நாற்பது வருஷம் ஊரார் கதவுகளைக் காப்பாற்றிய பூட்டுக்கடைக்காரர், எட்டு மாதத்துக்கு முன் கல்லாவில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடினார். இரண்டு மாதம் போனது. எதிர்க்கடைக் கண்ணாடிக்காரர் கிரயப் பத்திரத்தோடு வந்து நின்றார். “அண்ணன் வீட்டை எனக்கு எழுதிக்கொடுத்துட்டார். அவசரமில்ல, நிதானமா காலி பண்ணுங்க” என்றார். மகன் நிதானமாகப் போலீசுக்குப் போனான்.

முழுத் தொகையையும் ரொக்கமாகக் கொடுத்தேன் என்கிறார் கண்ணாடிக்காரர். வீட்டில் ஒற்றை நோட்டு இல்லை. பத்திரத்தில் சாட்சி போட்ட இருவரும் கண்ணாடிக்காரரிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். நாலு பேரம் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? ஊர் முழுக்க ஒரே தீர்ப்புதான்: போலிக் கையெழுத்து.

இன்று புதன்கிழமை. காலை ஒன்பது மணி.

ஆறு அறை கொண்ட அந்த வீட்டில் அம்மா இப்போது ஒன்றரை அறையில் குடியிருக்கிறாள். சமையலறையும், அதை ஒட்டிக் கட்டில் போடும் அளவுக்கு ஓர் இடமும். மற்ற அறைகளை வாரத்துக்கு ஒருமுறை திறந்து மூடுவாள். திறக்காவிட்டால் கீல் இறுகிவிடும் என்று பூட்டுக்கடைக்காரர் சொல்லிவைத்திருக்கிறார். கதவு கிறீச்சிடுவதைக் கேட்பதற்காகவே திறக்கிறாள் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆளும் இல்லை.

மகன் பைக்கை அணைக்காமலே வாசலிலிருந்து கத்தினான்.

“அம்மா! ஜெயிச்சாச்சு!”

“உள்ள வந்து ஜெயிடா. டீ போடறேன்.”

“டீக்கெல்லாம் நேரமில்லம்மா. கடை திறக்கணும்.”

அப்பா இருந்தவரை அவன் இந்த வீட்டில் உட்காருவான். இப்போது நிற்கிறான். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றுவதில்லை. கழற்றினால் பேச்சு நீளும் என்று பயம்.

கையெழுத்து ஆய்வாளரின் அறிக்கை வந்துவிட்டது. அதை அவன் நின்றபடியே படித்தான், விலைப்பட்டியல் வாசிக்கிற குரலில். பத்திரத்தின் மூன்று பக்கங்களிலும் இருக்கும் கையெழுத்துகள், மாதிரியாகத் தரப்பட்ட பன்னிரண்டு கையெழுத்துகளைப் போட்டவர் போட்டவை அல்ல.

“பன்னிரண்டும் அச்சுல வார்த்த மாதிரி இருக்காம்மா! இவ்வளவு சுத்தமா போடற ஒரு மனுஷன் பத்திரத்துல இருக்கற மாதிரி கோணல்மாணலா போட வாய்ப்பே இல்லைன்னு எழுதியிருக்கார். அப்பா கைன்னா அப்பா கைதான்.”

“மாதிரிக்கு என்னென்ன கொடுத்தே?”

“கைக்குக் கிடைச்சது எல்லாம். பேங்க்ல இருந்தது, டெலிபோனுக்கு எழுதிக்கொடுத்தது, என் ஸ்கூல் ரிப்போர்ட்டு. முதல் நம்பர், கடையை என் பேருக்கு மாத்தின பத்திரம்.”

கடைப் பத்திரம் இரண்டு வருஷத்துக்கு முந்தியது. “அப்பா எனக்கு ஒண்ணும் வைக்காம அப்படி எழுதியிருக்கவே மாட்டார்” என்று சொல்லிவிட்டுப் போன மகள், அன்றிலிருந்து போனை எடுப்பதில்லை.

“அந்த வீட்டுப் பத்திரத்துப் படத்தைக் காட்டு.”

அறிக்கையின் கடைசித் தாளில் மூன்று கையெழுத்துகளையும் உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். கிரயப் பத்திரம் வக்கீலிடமும் போலீசிடமுமே சுற்றிக்கொண்டிருந்ததால் அம்மா இதுவரை அதைப் பார்த்ததில்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

முதல் பக்கத்தில் எழுத்துகள் மேலே ஏறின. இரண்டாவதில் சறுக்கின. மூன்றாவதில் பாதி வழியில் பேனா நின்று, யோசித்து, கிளம்பியிருந்தது. ஒன்றுக்கொன்று ஒட்டுமில்லை, உறவுமில்லை.

அம்மாவின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

உலகத்தில் இவ்வளவு மோசமாகக் கையெழுத்துப் போட ஒருவரால்தான் முடியும்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல.”

“மூணு மணிக்கு வக்கீல் ஆபீஸ். ‘இது என் வீட்டுக்காரர் கையெழுத்து இல்லை’ன்னு நீ ஒரு வாக்குமூலம் கொடுத்துட்டா முடிஞ்சுது. வீடு நமக்கு. அந்த ஆள் உள்ள போயிடுவார்.”

“எத்தனை நாளைக்கு?”

“நாளா? ஏழு வருஷம்கறார் வக்கீல்” என்றான் மகன், தள்ளுபடி வாங்கிவிட்டவனின் திருப்தியோடு. பைக் போன சத்தம் தெருமுனை வரை கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அவள் மட்டுமே அறிந்த அந்த விஷயத்தை இங்கே நாமும் தெரிந்துகொள்வது நல்லது.

கல்யாணமான முதல் வருஷம். பூட்டுக்கடைக்காரர் கொடுத்த மூன்று செக்குகள் வரிசையாகத் திரும்பின, மூன்றும் கையெழுத்துப் பொருந்தவில்லை என்று. “சார், நீங்க ஒரு ஆளா, மூணு பேரா?” என்று பேங்க் மேலாளர் கேட்டதை அவர் வீட்டில் வந்து சொன்னபோது காது சிவந்திருந்தது. பேச்சில் எவனையும் மடக்குவார். பேனாவைக் கொடுத்தால் விரல்கள் ஆளுக்கொரு திசையில் போகும். கையெழுத்து வராத வியாபாரி என்று தெரிந்தால் சந்தையில் எவன் கடன் கொடுப்பான்?

அன்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து புது மனைவி அவருக்கு ஒரு கையெழுத்துச் செய்து கொடுத்தாள். முதல் எழுத்தில் ஒரு கொக்கி, கடைசி எழுத்திலிருந்து நீளமாக ஒரு வால், அடியில் இரண்டு புள்ளி. ஒரு வாரம் பழகிப் பார்த்தார். வால் ஒருநாள் மேலே போனது, ஒருநாள் காணாமலே போனது. “நீயே போட்டுடேன்” என்றார்.

முப்பத்தொரு வருஷம் அவளே போட்டாள். சாயங்காலம் கடைப் பையில் காகிதங்கள் வரும். காலையில் கையெழுத்தோடு போகும். பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது. பேங்க் காகிதம், கடைப் பத்திரம், ரிப்போர்ட்டு, எல்லாமே அவள் கை. ஆய்வாளர் அச்சில் வார்த்தது என்று வியந்த பன்னிரண்டும் அவள் போட்டவை. அவர் தன் கையால் போட்டது கிரயப் பத்திரத்தில் இருக்கும் மூன்றுதான். அவற்றைத்தான் ஆய்வாளர் போலி என்று எழுதியிருக்கிறார்.

பதினொரு மணிக்கு அவள் கண்ணாடிக் கடைக்கு நடந்தே போனாள்.

நாலு பக்கமும் சுவர் தெரியாதபடி கண்ணாடி. உள்ளே காலை வைத்ததும் எட்டு அம்மாக்கள் கைப்பையோடு எதிரே வந்தார்கள். இத்தனை பேர் நடுவில் நின்று வெகுகாலம் ஆகிவிட்டதே என்று அவளுக்குத் தோன்றியது. எட்டுப் பேருக்கும் முகத்தில் தூக்கமில்லை.

கண்ணாடிக்காரர் விரல்களில் பிளாஸ்திரியோடு, அளவுகோலைக் கீழே வைத்தார். வேலையாட்களைப் பார்த்து, “டீ குடிச்சுட்டு வாங்கப்பா, மெதுவா” என்றார்.

“வாங்க அண்ணி. உட்காருங்கன்னு சொல்லலாமா? இல்ல அதுக்கும் ஒரு கேஸ் இருக்கா?”

“தம்பி, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். அன்னைக்குப் பத்திர ஆபீஸ்ல அவர் எப்படிக் கையெழுத்து போட்டார்?”

“எப்படின்னா? பேனாவாலதான்.”

“வேகமாவா, மெதுவாவா?”

கண்ணாடிக்காரர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். எதிராளி எந்த விலைக்கு வருகிறார் என்று கணிக்கும் பார்வை. பிறகு அதைக் கைவிட்டார்.

“நல்லா கேட்டீங்க. மூணு கையெழுத்துக்கு அரை மணி நேரம் அண்ணி! நாக்கைக் கடிச்சுக்கிட்டு, தாளை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி. பின்னாடி வரிசையில நின்னவன்லாம் சத்தம் போடறான். அதிகாரி முகத்தைப் பார்த்தார், அடையாள அட்டையைப் பார்த்தார், கையெழுத்தை எவன் பார்த்தான்? நான்கூடக் கேட்டேன், என்னண்ணே, எழுதறீங்களா வரையறீங்களான்னு. ‘எனக்கு என் கையெழுத்து பழக்கம் இல்லப்பா’ன்னார். ஏதோ தமாஷ்னு சிரிச்சேன்.”

அம்மா சிரிக்கவில்லை.

“ஏன் வித்தார்?”

“அது தெரியாமலா கேஸ் போட்டீங்க?”

“தெரியாமத்தான்.”

கண்ணாடிக்காரர் முக்காலியில் மெல்ல உட்கார்ந்தார். “பத்திரம் போட்டப்புறம் அண்ணன் சொல்லி நீங்க சம்மதிச்சுட்டீங்கன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். அண்ணன் சொன்னது இதுதான். ‘ஆறு ரூம்ல ரெண்டு பேர். அவ ஒரு மூலை, நான் ஒரு மூலை. கூப்பிட்டா கேக்கறதில்ல. ரெண்டு ரூமுக்குப் போயிட்டா இருமினாலே கேக்கும்’னார். வீடும் பார்த்துட்டேன்னார். முழுசா ரொக்கம் கொடுத்தா அந்த வீட்டு விலை குறையுதுன்னுதான் எங்கிட்டயும் ரொக்கமா வாங்கினார்.”

“எங்க பார்த்தார்?”

“அதை நான் கேக்கலையே அண்ணி. வாங்கற இடத்துல வில்லங்கம் இருக்கான்னு பார்ப்போம். வித்தவர் எங்க குடி போறார்னு எந்த வியாபாரி விசாரிச்சிருக்கான்?” அவர் குரலில் வெட்கம் இருந்தது. “அண்ணிகிட்ட சொல்லிட்டீங்களான்னு மட்டும் கேட்டேன். ‘முன்னாடியே சொன்னா அவளே எடுத்துப் போட்டுடுவா. இதை நான் போடணும்’னார். அப்பவும் எனக்குப் புரியலை.”

அம்மாவுக்குப் புரிந்தது. அவரும் அவளும் கடைசி இருபது வருஷம் பேசிக்கொண்டதைக் கூட்டிக் கழித்தால் இரண்டு வார்த்தைதான் மிஞ்சும். ‘போட்டாச்சா?’ ‘போட்டாச்சு.’ அந்தக் குடித்தனத்தில் இருந்துகொண்டு, அவர் தனியாகவே அரை மணி நேரம் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கும் சாவுக்கும் நடுவில், வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்ல நாலு மாதம் இருந்தது. சொல்லவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இருந்திருப்பார். அவளும் என்ன, தலையை நிமிர்த்தி எதையாவது கேட்கிறவளா?

“அண்ணி” என்றார் கண்ணாடிக்காரர். “என் ஷட்டர்ல எவனோ ‘போலி’ன்னு எழுதிட்டுப் போறான். அழிச்சா மறுபடி எழுதறான். நான் ஒண்ணும் உத்தமன் இல்ல. அளவுல கால் இஞ்ச் தின்னிருக்கேன், கீறல் விழுந்ததைப் புதுசுன்னு தள்ளியிருக்கேன். ஆனா கையெழுத்துல ஏமாத்தலை.”

“தெரியும் தம்பி.”

சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள். அவர் வாயைத் திறப்பதற்குள் எட்டு அம்மாக்களும் வாசலைத் தாண்டிவிட்டார்கள்.

வக்கீல் அலுவலகம் மூன்றாவது மாடி. லிஃப்ட் வேலை செய்வதாக வாசலில் எழுதியிருந்தது. செய்யவில்லை. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது மூன்று அடித்து ஐந்து நிமிஷம். மகன் ஜன்னலருகே நின்றான். இங்கும் நாற்காலி இருந்தது.

வக்கீல் கெட்டிக்காரர். வாக்குமூலத்தை முன்பே அடித்துத் தயாராக வைத்திருந்தார். வாடிக்கையாளர் பேச ஆரம்பித்தால் உண்மை வந்து தொலைக்கும் என்பது அவர் தொழில் அனுபவம்.

“ரெண்டே பாராதான்மா. கல்யாணம் ஆன நாள்லேருந்து அவர் கையெழுத்தை எனக்குத் தெரியும். பத்திரத்துல இருக்கறது அவர் கையெழுத்து இல்ல. அவ்வளவுதான். இங்க ஒரு கையெழுத்து.”

பேனா கைக்கு வந்தது. சொல்ல வேண்டும், இப்போது சொல்ல வேண்டும் என்று அம்மா வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். மகன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது.

அவள் குனிந்து கையெழுத்துப் போட்டாள்.

வக்கீல் தாளைத் திருப்பி வாங்கினார். “அம்மா, பதட்டத்துல வீட்டுக்காரர் பேரைப் போட்டுட்டீங்க. பரவாயில்ல, வேற தாள்...”

அவர் தாளை மறுபடி பார்த்தார்.

முதல் எழுத்தில் கொக்கி. கடைசி எழுத்திலிருந்து நீளமாக ஒரு வால். அடியில் இரண்டு புள்ளி. அவர் ஆய்வாளரின் அறிக்கையை எடுத்தார். பன்னிரண்டு மாதிரிகள் இருந்த தாளைப் பக்கத்தில் வைத்தார். இப்போது பதின்மூன்று இருந்தன.

தெரிந்தே அப்படிப் போட்டாளா, பழக்கத்தில் கை போட்டதா என்று கேட்டால், அம்மாவுக்கே சொல்லத் தெரியாது.

“கதவைச் சாத்துங்க” என்றார் வக்கீல் மகனிடம்.

ஐந்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். முப்பத்தொரு வருஷத்துக்கு ஐந்து நிமிஷம் போதுமானதாக இருந்தது. மகன் கடைசியில் உட்கார்ந்தான்.

“அப்போ என் கடைப் பத்திரம்?”

“நான்தான் போட்டேன். உங்கப்பா போடச் சொன்னார், போட்டேன்.”

“போடச் சொன்னதுக்கு யாரு சாட்சி?” என்று கேட்டார் வக்கீல். “அம்மா, நிலவரத்தைச் சொல்லிடறேன். இந்த விஷயம் இந்த ரூமை விட்டு வெளிய போச்சுன்னா, கண்ணாடிக்காரர் பத்திரம் நல்ல பத்திரம். நீங்க வீட்டைக் காலி பண்ணணும். கூடவே, உங்க மகன் கடை வெச்சிருக்கற பத்திரம் போலிப் பத்திரம். மகள் நாளைக்கே கேஸ் போடலாம். உங்க மேலயும் போடலாம்.”

“போகலைன்னா?”

“கண்ணாடிக்காரர் ஏழு வருஷம் உள்ள.”

“போகட்டும்” என்றான் மகன். சொன்ன வேகத்தில் அவனுக்கே கூச்சமாகிவிட்டது. குரலைத் தாழ்த்தினான். “அம்மா, அந்தத் தாளைக் கிழிச்சுடலாம். வேற தாள்ல உன் பேரைப் போடு. யாருக்கும் தெரியப்போறதில்ல.”

“எனக்குத் தெரியும்டா.”

“உனக்கு இருக்க இடம் இருக்காதும்மா. என் வீட்டுல இடம் எப்படின்னு உனக்கே தெரியும். கடை போச்சுன்னா அதுவும் இல்ல. யாருக்காக இதெல்லாம்? கால் இஞ்ச் திருடற கண்ணாடிக்காரனுக்காகவா?”

“அவருக்காக இல்ல.”

“பின்ன?”

அம்மா மேசையில் கிடந்த அந்தப் பெரிதாக்கிய படத்தைப் பார்த்தாள். பாதியில் நின்று யோசித்துக் கிளம்பியிருந்த அந்த மூன்றாவது கையெழுத்தை.

“இத்தனை வருஷத்துல உங்கப்பா தன் கையால போட்டது இது ஒண்ணுதான். இதைப் போய் அவர் போடலைன்னு நான் எப்படிடா சொல்வேன்?”

மகன் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு எழுந்தான். கதவருகே ஒரு கணம் நின்றான். கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தானோ, கூப்பிடக் கூடாது என்று நினைத்தானோ. அவள் கூப்பிட வாயெடுப்பதற்குள் படிகளில் அவன் காலடி இறங்கிவிட்டது. கீழே பைக் கிளம்பியது. அவளை வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போவது அவன்தான் என்று ஏற்பாடு.

வக்கீல் அவள் போட்ட தாளை இரண்டாக மடித்து அவளிடமே கொடுத்தார்.

“நான் உங்க மகனோட வக்கீல்மா. நீங்க சொல்றதை நான் எழுத முடியாது. கேட்டதாவும் காட்டிக்க முடியாது. ஒரு ராத்திரி யோசிங்களேன். நாளைக்கு வேற மாதிரி தோணலாம்.”

“அதுக்குத்தான் சார் பயப்படறேன்.”

அவர் அவளைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் தொழில் இல்லாத ஒரு பார்வை. “மாடிப்படிக்குக் கீழ ஒரு அம்மா டைப் அடிக்கறாங்க. சொன்னதை அப்படியே அடிச்சுத் தருவாங்க. விசாரணை அதிகாரி அஞ்சரை வரைக்கும் ஆபீஸ்ல இருப்பார். நான் சொன்னதா சொல்லாதீங்க.”

மூன்று மாடி இறங்கினாள். படிக்கட்டின் அடியில், மனுக்களும் பசைப்புட்டியும் குவிந்த ஒரு மேசைக்குப் பின்னால், கனத்த கண்ணாடி போட்ட தட்டச்சுக்காரி இருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“என்ன வேணும்? வாடகை ஒப்பந்தமா, பேர் மாத்தமா?”

“வாக்குமூலம்.”

“எத்தனை பக்கம்?”

“தெரியலை. இதுவரைக்கும் சொன்னதில்ல.”

தட்டச்சுக்காரி புதுத் தாளைச் செருகினாள். பேர் கேட்டாள். அம்மா தன் பேரைச் சொன்னாள். அது வாயிலிருந்து வந்தபோது, யாரோ பழைய சிநேகிதியின் பேர் போலிருந்தது. வயசு கேட்டாள், சொன்னாள்.

“விலாசம்?”

அம்மா வாயைத் திறந்தாள். ஆறு அறை வீட்டின் கதவு எண் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கினாள்.

“சொல்லுங்கம்மா. பின்னாடி ஆள் வந்துடும்.”

“அந்த இடத்தைக் காலியா விட்டுடுங்க.”

“விலாசம் இல்லாம எவன் வாங்குவான்?”

“இல்லாம இல்ல. அவர் பார்த்துவெச்ச ரெண்டு ரூம் இருக்கு. எங்கேன்னு நான் இனிமேதான் தேடணும்.”

தட்டச்சுக்காரி இப்போதுதான் நிமிர்ந்தாள். அம்மாவை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள். படிக்கட்டின் அடியில் இருபது வருஷம் உட்கார்ந்தவள், அதற்கு மேல் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

“எவ்வளவு இடம் விடட்டும்?”

“ஒரு வரி போதும்.”

தாள் ஒரு வரி மேலே ஏறியது. தட்டச்சுக்காரி காலால் ஒரு முக்காலியை இந்தப் பக்கம் தள்ளினாள்.

“உட்காருங்க. இப்ப சொல்லுங்க, என்ன நடந்துச்சு?”

எட்டு மாதத்தில் அம்மாவிடம் இதை யாரும் கேட்டதில்லை. அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.